ஐந்து வீரர்களும் ஒரு வால்வுச் சாவியும்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஹைதராபாத் மாதாபூரில் ஒரு கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில் நான் டெஸ்டராக இருந்தேன். வெளிநாட்டில் யாரோ யோசித்து, நம்மூரில் யாரோ எழுதிய விளையாட்டை ஆடி ஆடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். முப்பத்தாறு வயதுப் பெண் ஆபீசில் உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று சொல்ல அம்மாவுக்கு வெட்கம். கேட்டவர்களிடமெல்லாம் 'பேங்க் சாஃப்ட்வேர்' என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வருஷம் எங்கள் கைக்கு வந்த விளையாட்டில் ஐந்து வீரர்கள், ஒரு கருங்கோல். கோலைக் கையில் எடுத்தவன் சொன்னது நடக்கும். ஆனால் நடக்க நடக்க அவன் உள்ளே கறை ஏறும். திரையின் ஓரத்தில் ஒரு குழாய் மாதிரி வரைந்திருப்பார்கள்; கறை ஏற ஏற அது கறுத்துக்கொண்டே வரும். முழுக்கக் கறுத்துவிட்டால் வீரன் அரக்கனாகிவிடுவான், ஆட்டம் முடிந்தது. எந்தக் காட்சியிலும் கோலைக் கீழே வைத்துவிட ஒரு பொத்தான் உண்டு. ஐந்து பேரும் எப்போது எடுக்கிறார்கள், எப்போது வைக்கிறார்கள், எதற்கு மயங்குகிறார்கள் என்று சோதித்துப் பார்ப்பதுதான் எட்டு மாதத்துக்கு என் பிழைப்பு.

வாள்வீரனைச் சோதிக்கப் பத்து நிமிஷம் போதும். எடு என்றால் எடுத்துவிடுவான். எடுத்ததும் நாலு பேரை அடிப்பான், அப்புறம் உட்கார்ந்து அழுவான், கீழே வைத்துவிடுவான். இளவரசி மூன்று முறை வேண்டாம் என்பாள். நாலாவது முறை அவள் ஊர் பற்றி எரியும்போது எடுப்பாள். வைத்தியச்சி ஒரு குழந்தையைப் பிழைக்க வைக்க எடுப்பாள், அடுத்தது அந்தக் குழந்தையின் தாய்க்காக, அதற்கடுத்தது தெருவுக்காக. சொட்டுச் சொட்டாகக் கறை ஏறும். அவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எல்லாரிலும் கெட்டிக்காரன் திருடன்தான். கோலை எடுத்த கையோடு யாரிடம் விற்கலாம் என்று ஆள் தேடுவான். அவன் குழாய் பளிச்சென்று இருக்கும். ஆபீஸில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும்.

ஐந்தாவது ஆள் நடுவர். வெள்ளைத் தாடி, கையில் தராசு. அவர் தனக்கென்று எதுவும் கேட்கமாட்டார். வழக்கைக் கேட்பார், தீர்ப்புச் சொல்வார், கோல் அதை நிறைவேற்றும். திருடிய கையை வெட்டு, பொய் சொன்ன வீட்டை இடி. எத்தனை தீர்ப்பு சொன்னாலும் அவர் குழாயில் மட்டும் ஒரு புள்ளிகூடக் கறுக்காது. நூறு தடவை ஆடியிருப்பேன். இது தப்பு, கறை ஏறவில்லை, சரிசெய்யவும் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அது பிழையில்லை, அப்படித்தான் செய்திருக்கிறோம்; அவருக்குக் கறை ஏறுவது கடைசிக் காட்சிவரை யாருக்கும் காட்டப்படாது, அவருக்கும் தெரியாது என்று.

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே ஏறுகிறதென்றால் வெளியே காட்ட வேண்டாமா, இது என்ன ஏமாற்று வேலை என்று மறுபடி எழுதினேன். பதில் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் காலனித் தண்ணீர்ச் சாவி என் கைக்கு வந்தது.

அப்பா மௌலா அலிப் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் சேர்ந்து மல்லாபூரில் மனை வாங்கிக் கட்டிய காலனி எங்களுடையது. ஐந்து தெரு. தெலுங்குக்காரர்கள்தான் அதிகம், தமிழ் வீடுகள் ஒன்பது, பெரும்பாலும் இரண்டாம் தெருவில். ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் ஒன்றரை மணி நேரம் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும். ஒவ்வொரு தெருவுக்கும் தரையில் இரும்பு மூடிக்குக் கீழே ஒரு வால்வு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மீட்டர் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு. இரண்டுக்கும் ஒரே சாவி. இடுப்பளவு உயரத்தில், மேலே குறுக்குக் கம்பி வைத்த இரும்புத் தடி. காலனிச் சங்கச் செயலாளர் வீட்டில்தான் அது இருக்கும்.

அப்பாவும் ஒரு காலத்தில் செயலாளராக இருந்தவர். மேட்டில் இருக்கும் ஐந்தாம் தெருவுக்குத் தண்ணீர் ஏறாமல் போன ஒரு கோடையில், அந்தத் தெருவில் குடியிருந்த ஃபோர்மேன் ஒருவர் எங்கள் வாசலில் நின்று, "அரவோள்ளு அரவோள்ளு ஒக்கட்டே" என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழனும் தமிழனும் ஒன்று என்று அர்த்தம். அப்பா இரண்டாம் தெருவுக்கு அதிக நேரம் விடுகிறாராம். அன்றைக்கே அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் சாகும்வரை சங்கக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகவே கிடந்தது.

எனக்கு ஆபீஸ் மதியம் இரண்டு மணிக்குத்தான். காலையில் வீட்டில் இருக்கும் ஆள், கம்ப்யூட்டரில் நோட்டீஸ் அடிக்கத் தெரிந்த ஆள் என்று கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள். சொன்னவர் அதே ஃபோர்மேன். அப்பா திருப்பிக் கொடுத்த அதே தடியை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நன்றாகத்தான் செய்தேன், அதைச் சொல்ல வேண்டும். தெருவுக்கு இத்தனை நிமிஷம் என்று அட்டவணை போட்டு மின்கம்பத்தில் ஒட்டினேன். கையில் கடிகாரத்தோடு நின்று திறந்தேன், மூடினேன். இரண்டாம் தெருவுக்கு எல்லாரையும்விட இரண்டு நிமிஷம் குறைத்தே விட்டேன். அம்மாவே ஒருநாள், "என்னட்டி, நம்ம தெருன்னா உனக்கு அம்புட்டு இளப்பமா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனாலும் கோடை வந்ததும் ஐந்தாம் தெருக் குழாய்கள் காற்றை ஊதின. யாரோ கார்ப்பரேஷன் லைனிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. எங்கள் பக்கத்தில் அது நடப்பதுதான். ஒரு வீடு மோட்டார் போட்டால் அதற்கு மேலே உள்ள வீடுகளுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. கூட்டத்தில் நான் ஒரு விதி எழுதிக் கொண்டுபோய் வாசித்தேன். லைனில் மோட்டார் வைக்கும் வீட்டின் வால்வு ஏழு நாள் மூடப்படும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுத்து உதவிவிட்டால் தண்டனைக்கு என்ன மதிப்பு? அதனால் அப்படிக் கொடுக்கும் வீட்டின் வால்வும் மூடப்படும். ஓட்டை தேடுவதே என் தொழில், விதியில் ஒன்றுகூட விடவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த தண்ணீர் நாளில் தெருத்தெருவாகப் போய்க் காம்பவுண்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டாம் தெருவின் கடைசி வீட்டில், உள்ளேயிருந்து 'ம்ம்ம்' என்று ஒரே சீரான இரைச்சல். அது எங்களுக்குத் தெரிந்த அக்காவின் வீடு. செகந்திராபாதிலேயே நாலைந்து தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும்; ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவர் கணவரை எல்லாரும் சார் என்போம்; அப்பாவின் பிரிவில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் அக்கா வேலையை விட்டார். பிள்ளைகள் இல்லை.

நான் கதவைத் தட்டிக் கேட்கவில்லை. குறை கண்டால் செய்தவனிடம் விசாரிக்கக் கூடாது, எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு திமிர். இன்னொன்றும் இருந்தது. மாட்டியது ஒரு தமிழ் வீடு என்றதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஐந்தாம் தெரு மொத்தமும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்று சுற்று. அவ்வளவுதான், வால்வு மூடிக்கொண்டது.

அரை மணியில் அக்கா வந்தார். கையெல்லாம் ஈரம், புடவையை இழுத்துச் செருகியிருந்தார்.

"மோட்டாரா? நம்ம வீட்ல எங்கம்மா மோட்டார் இருக்கு? வந்து பாரு மா ஒருதரம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கக்கா. காலையில நானே என் காதால கேட்டேன்."

"என்ன கேட்டே? கைக்கு இப்டி பண்றே? சாரை மூணு வேளை தொடைக்கணும் மா. துணி தொவைக்கணும்."

"ஏழு நாள்தான்க்கா. உங்களுக்குன்னு நான் தனியா விதி எழுத முடியாது."

கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அக்கா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். கெஞ்சுகிற ஆள் இல்லை அவர். அன்று சாயங்காலமே ஃபோர்மேன் எனக்குப் போன் செய்து, "சொந்த ஆளையே விடலையே மேடம், சபாஷ்" என்றார். அப்பா இருந்து இதைக் கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதக் கூசுகிறது.

காலனிப் பார்க் மூலையில் ஒரு பொது போர்வெல் குழாய் இருந்தது. உப்புத் தண்ணீர். அக்கா அங்கிருந்து குடம் குடமாகச் சுமக்க ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயது அவருக்கு. என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நான் ஜன்னலைச் சாத்தினேன். ஆபீஸில் உட்கார்ந்து நடுவரை ஆடினேன். தீர்ப்பு, தீர்ப்பு, தீர்ப்பு. குழாய் வெள்ளையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை அம்மா இரண்டு குடம் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். என்னிடம் சொல்லவில்லை. போன வேகத்தில் இரண்டு குடத்தோடும் திரும்பி வந்தாள். ஒன்றைத் தரையில் வைத்த வேகத்தில் தண்ணீர் தெறித்தது.

"வாங்க மாட்டேன்னுட்டா. 'நக்கோ மாமி, உங்க பொண்ணுக்குப் பேர் கெட்டுடும்'ங்கா. ஏட்டி, அது மோட்டார் இல்லட்டி. அவரு படுக்கைக்குக் கீழ ஒரு மிஷின் ஓடிக்கிட்டே கெடக்கு. காத்து மெத்தையாம். முதுகெல்லாம் புண்ணு வந்திருச்சு, அதுக்கு டாக்டர் போடச் சொன்னதாம். ராவும் பகலும் ஓடுது. போயித் தொறந்து விடு, தாயி."

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்த இரைச்சலைத் தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் கேட்டேன். தண்ணீர் வராத நாளில் ஒருதரம் போய் அதே சுவரில் காதை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். இப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதியவர்களை ஆபீஸில் நான் அழ அழத் திட்டியிருக்கிறேன்.

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். பொய் சொல்லவில்லை, திறக்கத்தான் போனேன். அக்கா வீட்டு வாசலில் இரும்பு மூடியை நகர்த்தி, தடியை உள்ளே இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். உள்ளேயிருந்து அந்த மெத்தை மிஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்போது ஃபோர்மேன் பால் பாக்கெட்டோடு அந்த வழியாக வந்தார்.

"ஏமி மேடம், திறக்கிறீங்களா? ஏழு நாள் ஆயிடுச்சா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆமாங்க, என் தப்பு, அது மோட்டார் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் ஆகியிருக்காது. ஆனால் என் காதில் விழுந்தது அந்தப் பழைய வார்த்தை. அப்பா வாசலில் விழுந்த வார்த்தை.

"இல்ல சார், சரியா மூடியிருக்கான்னு பார்க்கிறேன்" என்றேன். அவர் பார்க்கும்படி இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.

அவர் போய்விட்டார். தெரு காலியாகத்தான் இருந்தது. அதற்கப்புறமும் நான் திறக்கவில்லை. நாலு நாள்தானே, நடுவில் திறந்தால் விதிக்கு மரியாதை போய்விடும், அடுத்த முறை யார் மதிப்பார்கள் என்று நடந்துகொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நம்பும்படியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "தொறந்தியா?" என்றாள். "பார்த்துக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஆறாம் நாள் காலை போர்வெல் குழாயடிப் பாசியில் அக்கா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போதுகூட, "சார் தனியா இருக்கார், கதவு திறந்து கெடக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். பொலாரத்திலிருந்து அவர் தம்பி வந்து சாரை ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்.

ஏழாம் நாள், விதிப்படி, காலையில் போய் வால்வைத் திறந்தேன். மூன்றரைச் சுற்று. பூட்டிய வீட்டுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கீழ்த்தொட்டி நிரம்பி, வழிந்து, கேட்டுக்கு அடியில் வந்து, தெருவில் ஓடியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்தத் தோன்றவில்லை.

சார் இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. புண் சீழ் பிடித்து உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். இதற்கு நான்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதவில்லை, காலனியில் யாரும் சொல்லவும் இல்லை. படுக்கையில் விழுந்த மனுஷன் எத்தனை நாள் இருப்பார், அவருக்கும் விடுதலைதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

ஆடி மாதம் கார்ப்பரேஷன்காரர்கள் வந்து ஐந்தாம் தெரு முனையைத் தோண்டினார்கள். வேப்பமர வேர் குழாயின் மூட்டு வழியாக உள்ளே புகுந்து, பந்துபோலச் சுருண்டு அடைத்திருந்தது. வேரை வெட்டியதும் தண்ணீர் பீறிட்டு வந்தது. எந்த வீட்டிலும் மோட்டார் இருந்ததே இல்லை. ஃபோர்மேன் அந்த வேர்ப்பந்தைக் குச்சியால் தூக்கிக் காட்டி, "இதுதான் மேடம் உங்க திருடன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம். கண்டிப்பான ஆள், கட்சி பார்க்காத ஆள் என்று என்னையே மறுபடி செயலாளராகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். கை தட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டின் கடைசிக் காட்சியும் அந்த வாரம்தான் எங்களுக்கு வந்தது. வாள்வீரன் ஊருக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருப்பான். இளவரசி மணிமுடியைக் கழற்றிவிடுவாள். வைத்தியச்சி செத்துப்போவாள். திருடன் வேறொரு ஊரில் வேறு எதையோ திருடிக்கொண்டிருப்பான். நடுவர் மட்டும் அதே இடத்தில் தராசோடு உட்கார்ந்திருப்பார். அவர் குழாயின் உண்மையான நிறம் முதல் தடவையாகத் தெரியும், அடியிலிருந்து நுனிவரை கறுப்பு. கீழே வைக்கும் பொத்தான் அப்போதும் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், வேலை செய்தது. பிழை இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு தம்பியோடு போவதற்கு முன்னால் விடைபெற வந்தார். கையில் ஊன்றுகோல். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் காபி போட உள்ளே போனாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"உன்மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல மா. நீ எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தே. அது மெத்தை மிஷின்னு உனக்கு எப்டித் தெரியும்? தெரிஞ்சிருந்தா தொறந்திருப்பே, ஹவ் தானே மா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"ஆமாக்கா" என்றேன். "எனக்குத் தெரியாது."

அம்மா காபியைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் இருந்த ஆறு வருஷமும், குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் படுக்கையில் கிடந்தபோதுகூட என்னிடம் கேட்டதில்லை. தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்துக் குடித்தாள்.